பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக் கணக்கர் அலுவலகம்: சிறு வியாபாரிகள் நம்பிப் போகலாம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன அலுவலகம் இது. படி செங்குத்து, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எங்கள் மசாலா மொத்தக் கடையின் வரிக் கணக்கை இவர்கள்தான் பார்க்கிறார்கள்.

வழக்கமான சப்ளையர் பெயரில் ஒரு பில் வந்தது, புதிய வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொல்லி. அதை இந்த அலுவலகத்தில் காட்டினோம். அங்குள்ள அக்கா முதலில் மின்னஞ்சல் முகவரியைப் பெரிதாக்கிக் காட்டினார். ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றன! பில்லின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் (மின்னணு பில்) தளமான மைஇன்வாய்ஸுக்கே போகவில்லை. அப்புறம் சப்ளையரின் பழைய எண்ணுக்கே போன் போட்டு, பில் போலி என்று உறுதி செய்தார்.

“மெயிலை அழிச்சிடாதீங்க அண்ணே, அப்படியே கோப்பா சேமிச்சு வைங்க. போலீஸுக்கு அதுதான் ஆதாரம்” என்றார். பணம் போயிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 997-ஐ அழைக்க வேண்டுமாம். இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருபவர்கள் அரிது.

இ-இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கேதான் தெளிவானது. கட்டணமும் நியாயம்.

ஒரு குறை: வியாபார வருமானம் உள்ள தனிநபர்கள் வரிக் கணக்குக் காட்டும் பி படிவத்துக்கான கெடு ஜூன் 30 என்பதால் அந்த மாதம் போனை எடுக்கவே மாட்டார்கள். மார்ச்சிலேயே கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.