ராம்ப் இருக்கு, ஏறத்தான் முடியல: அக்காவுக்கு யூடிஐடி கார்டு போடப் போன அனுபவம்

மொதல்லயே மார்க்கப் போட்டுருதேன், முழுசா படிக்க நேரமில்லாதவங்க இதோட போயிரலாம். டாக்டர், நர்சம்மா, கம்ப்யூட்டர்ல பதிவு போட்ட பையன் மூணு பேருக்கும் 5க்கு 5. கேட்டுக்கு வெளிய உள்ள வடை அண்ணாச்சிக்கு 4, உளுந்த வடை சுமார்தான் ஆனா சுக்கு காப்பி பிரமாதம். வாசல் ராம்ப்புக்கு, அதான் வீல்சேர் ஏறுற சாய்தளம், அதுக்கு 1, அதுவும் சிமெண்ட் செலவழிச்சதுக்காக. டாய்லெட்டுக்கு மார்க் கிடையாது. இதையெல்லாம் ஆய்வு பண்ணி சரின்னு எழுதுனவங்களுக்கு என்ன போடன்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்.

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். திருநெவேலி பக்கம், அம்புட்டுதான். பேரப் போட்டா அந்த நர்சம்மாவுக்குத்தான் மெமோ வரும், ராம்ப்பு போட்ட கான்ட்ராக்டருக்கு ஒரு மயிரும் வராது.

எங்க அக்காவுக்கு ரெண்டு வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் போச்சு, இப்ப 46 ஆவுது, வீட்ல இருந்து பீடி சுத்துதா, வீல்சேர்தான். அவகிட்ட பழைய அடையாள அட்டை புத்தகம் ஒண்ணு இருந்துச்சு, போட்டோ மங்கி சீல் அழிஞ்சி பாத்தா யாருன்னே தெரியாது. இப்ப எல்லாத்துக்கும் யூடிஐடி கார்டுதான், அதான் நாடு பூரா செல்லுற மாற்றுத்திறனாளி அடையாள அட்ட, அதத்தான் கேக்காவ, சரின்னு ஆன்லைன்ல அப்ளை பண்ணோம், பழைய புத்தகத்துல ஒண்ணும் தெரியலம்மா டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லி முகாம் தேதி குடுத்தாவ.

தெரியாதவங்களுக்காக சொல்லுதேன். 1995ல வந்த மாற்றுத்திறனாளி சட்டத்துல 7 வகை ஊனம்தான் கணக்கு, 2016 சட்டத்துல அத 21 ஆக்கிட்டாவ, ஆசிட் வீச்சு, பார்க்கின்சன், தலசீமியா எல்லாம் உள்ள வந்துட்டு. ஊனம் 40 சதவீதம் இருந்தாத்தான் வேலை ஒதுக்கீடு மாதிரி முக்கியமான சலுகை எல்லாம். கார்டுலயும் கலர் உண்டு, 40க்கு கீழ வெள்ள, அதுலேருந்து 80க்குள்ள மஞ்ச, அதுக்கு மேல நீலம். அக்காவுக்கு நீலம் வந்துச்சு. "ஏல, நான் நீலமாம்ல"ன்னு என்னமோ ரேஷன் கார்டு மாத்துன மாதிரி சந்தோசப்பட்டா.

போறதே ஒரு பாடு. டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வர்ற ஆளுக்கும் டிக்கெட் கிடையாது, நல்ல விசயம்தான், ஆனா அந்த மூணு படிய வீல்சேர் எப்படி ஏறும்? அதனால பக்கத்து வீட்டுத் தம்பியோட குட்டி யானை வண்டில சேரக் கட்டி, அக்காவ முன்னால உக்கார வச்சி, 600 ரூவா வாடகை. இலவச பஸ்ஸ விட்டுட்டு 600 ரூவா குடுத்துப் போறோம்.

இப்ப ராம்ப்புக்கு வாரேன். நான் 18 வருசமா சென்ட்ரிங் வேல பாக்கேன், டேப்பு எப்பவும் பாக்கெட்ல கெடக்கும். வாசல்ல மூணு படி, படிக்கு ஆறு இஞ்சுன்னா ஒன்றரை அடி உயரம். அரசாங்கத்தோட வழிகாட்டு அளவே 12க்கு 1, அதாவது ஒரு அடி ஏறணும்னா 12 அடி நீளம் வேணும். அப்ப ஒன்றரை அடிக்கு 18 அடி. இங்க எம்புட்டு இருந்துச்சு தெரியுமா, ஆறரை அடி. ஆறரை அடில ஒன்றரை அடி வாட்டம்னா அது சறுக்கு மரம், புள்ளைங்க வெளையாடலாம். அது போக மேல பூரா பாலிஷ் கிரானைட்டு, கோடு கூட இழுத்து விடல, அன்னைக்கு ஒரு தூத்தல் விழுந்திருந்துச்சு. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். இறங்குற எடத்துல ஒரு பெரிய பூந்தொட்டி, அதுல ஒரு குரோட்டன்ஸ், வாசலுக்கு அழகாம்.

அக்கா வீட்ல தானா உருட்டிக்கிட்டு எல்லா வேலையும் பாப்பா, கை ரெண்டும் இரும்பு மாதிரி. இங்க ரெண்டு அடி ஏறுனதும் சேர் பின்னால சாயுது, நான் பின்னால முட்டுக் குடுக்கேன், என் செருப்பும் வழுக்குது, கடைசில செக்யூரிட்டி தாத்தாவும் நானுமா தூக்கித்தான் மேல வச்சோம். தூக்கித்தான் வைக்கணும்னா படிலயே தூக்கிருப்போமே, என்னத்துக்கு ராம்ப்பு?

உள்ள போன பெறவு ஒரு கொறையும் சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க. டோக்கன் போட்டு, சேர்ல வந்தவங்கள முன்னால விட்டாவ. எலும்பு டாக்டர் சின்ன வயசுதான், "உக்காருங்கம்மா"ன்னு சொல்லிட்டு அக்கா ஏற்கெனவே உக்காந்துதான் இருக்கான்னு தெரிஞ்சதும் அவரே சிரிச்சிட்டாரு. கால நீட்டிப் பாத்து, இடுப்பு வளைவு பாத்து, பீடி சுத்துறதுல தோள்பட்ட வலி உண்டான்னு அவராவே கேட்டு அதுக்கு தனியா சீட்டு எழுதிக் குடுத்தாரு. வாய் பேசாத ஒரு பையனோட அம்மா அழுதுக்கிட்டு நின்னாவ, அவங்கள நர்சம்மா தனியா உக்கார வச்சி, பாளையங்கோட்டைல காது கேளாத புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு, விசாரிங்கன்னு பொறுமையா சொல்லிட்டிருந்தாவ. 11 மணிக்கு நொழஞ்சோம், ஒரு மணிக்கு வேல முடிஞ்சிட்டு. இந்த ஆளுங்க மேல எனக்கு கோவமே கிடையாது.

டாய்லெட்டு. கதவுல வீல்சேர் படம் ஒட்டிருக்கு, பூட்டிருக்கு, சாவி யார்ட்டன்னு கேட்டா கூட்டுற அக்காகிட்ட. தொறந்தா உள்ள நாலு பக்கெட்டு, வாரியல், பிளீச்சிங் பவுடர் மூட்டை. கதவு அளவு இரண்டே கால் அடி, மூணு அடி இருக்கணும். அக்கா சேர் 26 இஞ்சு, நொழஞ்சிரும்தான், ஆனா சக்கரத்தப் புடிச்ச கை முட்டி ரெண்டு பக்கமும் சட்டத்துல ஒரசும், தோலு உரிஞ்சிட்டு. கதவு உள்பக்கமா தொறக்குற கதவு, சேர் உள்ள போனா சாத்த முடியாது. நான் வெளிய துண்ட விரிச்சி மறைச்சிப் புடிச்சிக்கிட்டு நின்னேன். 46 வயசுப் பொம்பளைக்கு தம்பி துண்டு புடிக்கணும். இதுக்கு மேல இதப் பத்தி எழுத எனக்கு மனசில்ல.

அந்தக் கூட்டுற அக்காதான் சொன்னாவ, "நாளைக்கு ஆபீசருமாரு வாராவ தம்பி, அதான் சாமான எல்லாம் இதுக்குள்ள தள்ளச் சொல்லிட்டாவ." ஆய்வுக்கு மறைக்க வேண்டிய பொருள ஒளிச்சி வைக்க ஊனமுற்றவங்க டாய்லெட்டு! வராண்டால ஆறு புது வீல்சேர் வரிசையா நிக்கி, பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல, அதுவும் நாளைக்குத்தான்.

ஆய்வே நடக்கலன்னு நான் சொல்லல, எக்கச்சக்கமா நடக்கு. அரசு ஆஸ்பத்திரிக்குன்னு தேசிய தரச்சான்று ஒண்ணு உண்டு, என்க்யூஏஎஸ்ம்பாவ, 70 சதவீதம் மார்க் வாங்கணும், அதுல நோயாளி உரிமைன்னு ஒரு பகுதியே இருக்கு, தடையில்லாம எல்லாரும் வந்து போக முடியுதான்னு பாக்கணும். ஏற்கெனவே இருக்குற கட்டடத்த எல்லாம் விதி வந்த அஞ்சு வருசத்துல சரி பண்ணணும்னு 2016 சட்டம் சொல்லுது, விதி வந்தது 2017 ஜூன்ல, அப்ப 2022 ஜூனோட கெடு முடிஞ்சிட்டு. சட்டத்த மீறுனா மொத தடவ 10,000 ரூவா வர அபராதம், அடுத்து 50,000லேருந்து 5 லட்சம் வர. பேப்பர்ல எல்லாம் இருக்கு. ஆனா பாக்க வர்றவரு ஷூ போட்டுக்கிட்டு படில ஏறி வந்து ராம்ப்ப எட்டிப் பாத்து 'உண்டு'ன்னு டிக் அடிச்சிட்டுப் போயிருவாரு. ஒரே ஒரு தடவ அந்த சேர்ல உக்காந்து அவரே உருட்டி ஏறிப் பாத்திருந்தா கத முடிஞ்சிருக்கும்.

2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு கூட ராஜீவ் ரதூரிங்குற பார்வையில்லாத ஒருத்தரு போட்ட கேஸ்ல இதத்தான் புடிச்சிச்சு. மத்திய அரசப் பாத்து, தடையில்லாத வசதி கட்டாயம்னு சட்டம் சொல்லுது, நீங்க போட்ட 15வது விதி வெறும் ஆலோசன மாதிரி இருக்கு, அது சட்டத்துக்கே முரண், கண்டிப்பா பண்ண வேண்டியது எதுன்னு தனியா பிரிச்சி மூணு மாசத்துல விதி போடுங்கன்னு சொல்லிட்டாவ. கட்டாயமான அளவுன்னு ஒண்ணு இல்லன்னா ஆறரை அடியும் ராம்ப்புதான, 18 அடியும் ராம்ப்புதான.

ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு சொல்லுதேன். போன வருசம் ஒரு வேலையா தென்காசி பக்கம் போனப்ப ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கு அக்காவயும் கூட்டிட்டுப் போனேன். 1975ல கடற்படை தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா 1981ல ஆரம்பிச்சது, 2020ல பத்மஸ்ரீ குடுத்தாவ. அங்க அக்கா என்ன விட்டுட்டு அவபாட்டுக்கு உருட்டிட்டுப் போயிட்டா, நான் தேடிக்கிட்டுத் திரியேன். சேர்ல இருக்குற ஆளு உண்டாக்குன எடம்னா அப்படித்தான் இருக்கும்போல.

சரி, புகார் சேவைக்கு ரிவ்யூ. திங்கக்கெழம குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்தோம். மனு வாங்குனவங்க மரியாதையா பேசுனாவ, ரசீதும் கைல குடுத்தாவ. பெறவு ஆஸ்பத்திரிலேருந்து கட்டடம் எங்களுது இல்லம்பாவ, கட்டடத்துக்காரங்க அவங்க கேட்டாத்தான் நாங்க செய்யணும்பாவ, 40 நாள் கழிச்சி லெட்டர் வந்துச்சு: சாய்தளம் ஏற்கெனவே உள்ளது, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது. அக்கா அத ரெண்டு தடவ வாசிச்சா. "சாய்தளம் உள்ளதுன்னு எனக்கே சொல்லுதாவ பாரு"ன்னா.

விடல. பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல ஆய்வு அறிக்கை நகல் கேட்டோம், 30 நாளைக்குள்ள குடுக்கணும், குடுத்துட்டாவ, இதுக்கு 5க்கு 4 போடுதேன். அதுல சாய்தளம் உண்டு, கைப்பிடி உண்டு, தனிக் கழிப்பறை உண்டு. நீளம் எம்புட்டு, வாட்டம் எம்புட்டுன்னு கேக்குற கட்டமே அந்த பாரத்துல இல்ல. ஆய்வு பண்ணவங்களுக்கு மார்க் போட முடியாம நான் முழிக்கிறதுக்கு காரணம் இதுதான், கேக்காத கேள்விக்கு அவங்க என்ன பதில் எழுதுவாங்க.

இப்ப மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதிருக்கோம். அவருக்கு சிவில் கோர்ட்டு மாதிரி ஆள வரச்சொல்ற அதிகாரம் உண்டு, அவரு பரிந்துரைச்சா மூணு மாசத்துல என்ன செஞ்சோம்னு அந்த ஆபீஸ் பதில் சொல்லணும். லெட்டர அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுனேன், மடில பீடித் தட்டு, கை பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கு. நான் ராம்ப்பு ரொம்பச் சின்னதுன்னு எழுதுனதும் நிப்பாட்டிட்டா. "சின்னதுன்னு எழுதாதல, ஆறரை அடின்னு எழுது. கதவு இரண்டே கால் அடின்னு எழுது. தம்பி துண்டு புடிச்சான்னு எழுது." எழுதி ரிஜிஸ்டர் தபால்ல போட்டாச்சு.

அப்டேட்: வடை அண்ணாச்சி நேத்து போன் பண்ணாவ. பூந்தொட்டிய எடுத்துட்டாவளாம்.