கூட்டு ஆய்வு நிதித் திட்டங்கள்: எந்த நிர்வாக முறை நன்றாக ஓடுகிறது?

இருநாட்டுக் கூட்டு ஆய்வுக்கான அறிவிப்பு வந்ததும் எல்லோர் கண்ணும் தொகைமேல் போகிறது. முதலில் படிக்க வேண்டியது, மதிப்பீடு எத்தனை இடத்தில் நடக்கிறது என்ற பகுதியை. திட்டம் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பல நாடுகளோடு நடத்தும் அழைப்புகளில் வழக்கமானது இணை மதிப்பீடு: இரு தரப்பும் அவரவர் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு பட்டியலிலும் தேறியதை ஒரு கூட்டுக் குழு இறுதி செய்யும். ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு முடிவுகளும் தொடர்பில்லாமல் நடந்தால், இரண்டிலும் தேறும் வாய்ப்பு 4 விழுக்காடுதான். நல்ல ஆய்வுகளும் இதில் விழும். இங்கே பார்க்கப்போகும் மூன்று முறைகளில் இதுவே பலவீனமானது. தலைப்போ கால அளவோ இரு விண்ணப்பங்களிலும் ஒத்துப்போகாவிட்டால் மதிப்பீட்டுக்கே போகாமல் நிற்கலாம். தலைப்பு, மாதக் கணக்கு, பணிப் பிரிவு மூன்றையும் ஒரே கோப்பில் எழுதி, இரு தரப்பும் அதிலிருந்தே எடுங்கள். கடைசித் தேதி இரு நாட்டிலும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப்.பும், 1972இல் தொடங்கிய அமெரிக்க–இஸ்ரேல் அறக்கட்டளையான பி.எஸ்.எஃப்.பும் நடத்தும் திட்டம் இந்தச் சிக்கலை நேர்த்தியாகத் தீர்க்கிறது. மதிப்பீடு என்.எஸ்.எஃப்.பில் மட்டும். அங்கே தேறினால் இஸ்ரேல் தரப்புச் செலவை பி.எஸ்.எஃப். ஏற்கிறது. வழுக்கும் இடம் ஒன்றுண்டு: இஸ்ரேலியரின் பணியை அறிவியல் பகுதியில் முழுமையாக எழுத வேண்டும், அவருடைய செலவை அமெரிக்க வரவுசெலவில் சேர்க்கவே கூடாது.

1987இல் தொடங்கிய இந்திய–பிரெஞ்சு மையமான செஃபிப்ரா வேறு வழி. இரு அரசுகளின் பணமும் டெல்லியில் உள்ள ஒரே அலுவலகத்துக்கு வருகிறது, இரு நாட்டு அறிவியலாளர்களும் அமர்ந்த குழு ஒரே மேசையில் முடிவெடுக்கிறது. முடிவும் பணமும் ஓரிடத்தில் இருப்பதால், ஆய்வாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றிலும் இதுவே சிறந்தது. ஆனால் இப்படி ஒரு தனி அமைப்பை நிறுவிக் காக்க இரு அரசுகளுக்கும் நீண்டகால உறுதி வேண்டும். எல்லா நாட்டோடும் இது நடக்காது.

ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான் அசல் சோதனை. இரு நாடுகளும் தனித்தனியே பணம் தரும் திட்டங்களில் ஒரு பக்கம் ஆளை நியமித்துவிடும், மறுபக்கம் முதல் தவணைக்கே காத்திருக்கும். இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஜனவரியில் கணக்கைத் தொடங்கும் நாட்டோடு இது பொருந்தாது. வந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது இந்திய அரசின் நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவம், தாமதமானால் அடுத்த தவணை நிற்கும், அதோடு ஆய்வு மாணவரின் உதவித்தொகையும் நிற்கும். ஆகவே முதல் ஆறு மாதப் பணியை மறுபக்கத்தின் மாதிரிகளையோ கருவியையோ நம்பாததாக வகுப்பது நல்லது.

தொழில் நிறுவனமும் சேர்ந்தால் ஒப்பந்தம் இழுக்கும். 2010இல் அமைந்த இந்திய–ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் ‘2+2’ முறையில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஓர் ஆய்வு நிறுவனம், ஒரு தொழில் நிறுவனம் என நான்கு கையெழுத்து. யார் தன்னிடம் முன்பே உள்ள எந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டுவருகிறார், ஆய்வில் புதிதாகக் கிடைப்பது யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் விண்ணப்பிக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்.

உயிர் மாதிரிகளை வெளியே அனுப்புவதாக இருந்தால், 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மத்திய அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுகளுக்கு விலக்கு தருகிறது. அந்த விலக்குக்குள் வராதவர்கள் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியைப் பெற வேண்டும். எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்பதை முதல் பெட்டியைக் கட்டும் முன் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.