சுடுதண்ணீர் லைனுக்கு யுபிவிசி பைப்: சுவர் பூசும் முன் பார்த்துவிடுங்கள்

கோவையில் நாங்கள் வீடு கட்டி முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை. கீழ் பாத்ரூமில் கீசருக்குக் கீழே டைல்ஸ் இடுக்கில் ஈரம் கசிய ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் பெயிண்ட் உப்பி உதிர்ந்தது. டைல்ஸை உடைத்ததும் கான்ட்ராக்டரின் வண்டவாளம் வெளியே வந்தது.

கண்ணுக்குத் தெரிகிற அரையடி மட்டும் சுடுதண்ணீருக்கான கிரீம் நிற சிபிவிசி பைப். சுவருக்குள் நுழைந்ததும் ஒரு த்ரெட் அடாப்டர், அதற்கப்புறம் முழுக்க பச்சைத் தண்ணீருக்கான வெள்ளை யுபிவிசி. எல்போ பக்கத்தில் பைப் தொய்ந்து வளைந்து, மூட்டு வாய்விட்டிருந்தது. இரண்டும் முக்கால் இஞ்ச் என்றாலும் சிபிவிசியின் வெளிவிட்டம் சுமார் 22 மி.மீ., யுபிவிசிக்கு 26.7. ஒன்றின் ஃபிட்டிங் மற்றதற்குச் சேராது. ஆக, இது கைத்தவறல்ல. அடாப்டர் தேடி வாங்கிச் செய்த வேலை. பில்லில் என்னவோ ஹாட் லைன் முழுவதும் சிபிவிசி!

போன் செய்தால், "ரெண்டும் பிளாஸ்டிக்தானே சார், கீசர் சூட்டைக் குறைச்சு வைங்க" என்கிறார்.

ரெண்டும் ஒன்றல்ல. யுபிவிசி என்கிற சாதாரண பிவிசி 60 டிகிரியைத் தொட்டாலே தாங்கும் அழுத்தம் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். கீசர் அதைத் தாண்டியும் சூடாக்கும். கோடையில் சோலார் ஹீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூடுதல் குளோரின் ஏற்றிய சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். அதிலும் எஸ்டிஆர் (பைப்பின் வெளிவிட்டம் அதன் தடிமனைப் போல எத்தனை மடங்கு என்கிற எண்) 11 ரகம் 82 டிகிரியில் சதுர செ.மீ.க்கு 7 கிலோ தாங்கும், மெல்லிசான 13.5 ரகம் 5.6 கிலோதான். பிரஷர் பம்ப் வைக்கிற வீடு என்றால் 11 வாங்குங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பைப் பதித்த அன்றே நேரில் போய், சுவரில் பதித்திருக்கும் பைப்பின் மேல் உள்ள அச்சைப் படியுங்கள். சிபிவிசி பைப்புக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15778 என்றும் எஸ்டிஆர் எண்ணும் இருக்க வேண்டும். ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் சிபிவிசிக்கானதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிரஷர் டெஸ்ட் செய்தோம் என்பார்கள். சரி, செய்யட்டும், ஆனால் பச்சைத் தண்ணீரில் யுபிவிசியும் ஜம்மென்று பாஸாகிவிடும்.

கீழே புது லைனைச் சுவருக்கு வெளியிலேயே கிளாம்ப் அடித்து ஓட்டியிருக்கிறோம். மாடி பாத்ரூமை இன்னும் உடைக்கவில்லை. அங்கே கீசர் ஸ்விட்சுக்கு டேப் ஒட்டியாயிற்று.