ஸ்டால் நம்பர மட்டும் சொல்லி கன்வெர்ட்டர் விக்கிறவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க

ஆட்டோமேட்டிக் டிராக் ரேஸ் கார் (நின்ன இடத்துல இருந்து நேர்கோட்டுல கால் மைல் ஓடுற drag கார்) வச்சிருக்கவங்க, இல்ல புதுசா ஒண்ணு கட்டலாம்னு இருக்கவங்க, கியர்பாக்ஸயும் கன்வெர்ட்டரயும் (இன்ஜின் சுழற்சிய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) கழட்டி ஒருத்தர் கையில குடுக்குறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிருங்க. எனக்கு ஒரு சீசனே போச்சு, இன்ஜின் கிராங்க் வரைக்கும் அடி வாங்கிருச்சு, இன்னும் கொஞ்சம் தப்பியிருந்தா என் வலது காலும் போயிருக்கும். என் கியர்பாக்ஸ கட்டிக் குடுத்தவர் பேர இங்க எழுதப் போறதில்ல. ஆனா அவர் செஞ்ச மாதிரியே செய்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்கள எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

மொதல்ல கார். வி8, டர்போ கிடையாது நைட்ரஸ் கிடையாது, டார்க் (முறுக்கு விசை) உச்சம் 4400 ஆர்பிஎம் கிட்ட, பவர் உச்சம் 6200 கிட்ட. நான் உள்ள உக்காந்தா 3500 பவுண்டு, அதாவது 1600 கிலோ கிட்ட வரும். பின் ஆக்சில்ல 4.10 கியர் விகிதம், 28 இன்ச் உயர ஸ்லிக் (கோடு இல்லாத ரேஸ் டயர்). கியர்பாக்ஸ் டர்போ 400, ஜெனரல் மோட்டார்ஸோட (ஜிஎம்) மூணு கியர் ஆட்டோமேட்டிக், பேர்ல மட்டும்தான் டர்போ. கால் மைல்ல, அதாவது 402 மீட்டர்ல, 118 மைல் வேகத்துல முடிச்சிட்டு இருந்த கார், ஆனா ஸ்டார்ட் மட்டும் சோம்பலா இருந்துச்சு, மொத 60 அடி டைம் 1.75 செகண்டுக்குக் கீழ இறங்கவே மாட்டேன்னுச்சு. அத சரி பண்ணணும், கூடவே டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸ உள்ளயே பூட்டி கார நிறுத்தி வைக்கிற ஏற்பாடு) போடணும், இவ்ளோதான் நான் கேட்டது.

அவர் எடுத்தவுடனே சொன்னது "தம்பி, இந்த கியர்பாக்ஸ தூக்கிப் போட்டுட்டு பவர்கிளைட் போடுங்க, ரேஸ்காரங்க எல்லாம் அதுதான் போடுறாங்க"ன்னு. பவர்கிளைட் நல்ல பாக்ஸ்தான், 1950ல இருந்து 1973 வரைக்கும் ஜிஎம் கார்கள்ல வந்தது, ரெண்டே கியர், எடை கம்மி, இன்ஜின்ல இருந்து அது தின்னுற பவரும் கம்மி, அதனாலதான் இன்னைக்கும் டிராக்ல அவ்ளோ மதிப்பு. ஆனா அதோட மொத கியர் 1.76, இல்லன்னா 1.82. டர்போ 400க்கு 2.48. பின்னாடி இருக்க 4.10ஓட பெருக்கிப் பாருங்க, பவர்கிளைட்ல 7.2 வருது, என் பாக்ஸ்ல 10.2 வருது. எடை கம்மியான கார், இல்ல டயர் தாங்காத அளவுக்கு பவர் இருக்க கார்னா அந்த 7.2 போதும், அங்க அதுதான் நல்லதும்கூட. என்னுத மாதிரி கனமான, நடுத்தர பவர் காருக்கு அது ஸ்டார்ட்ட இன்னும் சோம்பலாக்கும். அவர் கார் எடையையே கேக்காம இத சொன்னாரு, அங்கயே நான் எழுந்து வந்திருக்கணும். வரல.

சரி டர்போ 400ஐயே பலமா கட்டுவோம்னு முடிவாச்சு. அவர் வாயால சொன்ன பட்டியல் இது: 34 எலிமென்ட் ஸ்ப்ராக் (ஒரு பக்கம் மட்டும் சுத்த விடுற கிளட்ச், எலிமென்ட்ங்கிறது அதுக்குள்ள பூட்டுற துண்டு), அதுக்கேத்த டைரக்ட் டிரம், 300எம் ஸ்டீல் இன்புட் ஷாஃப்ட், டிரான்ஸ்பிரேக் வால்வ் பாடி (ஆயில் அழுத்தத்தால கியர மாத்துற பாகம்), எஸ்எஃப்ஐ (ரேஸ் பார்ட்டுக்கு பாதுகாப்புத் தரம் வகுக்குற அமைப்பு) 29.1 ஃப்ளெக்ஸ்பிளேட் (கிராங்க்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கிற தட்டு), கியர்பாக்ஸுக்கு எஸ்எஃப்ஐ 4.1 ஷீல்டு, அப்புறம் "5500 ஸ்டால்" புது கன்வெர்ட்டர். எல்லாமே புதுசு எல்லாமே ரேஸ் பார்ட்னு சொன்னாரு, நானும் முழுப் பணத்தையும் குடுத்துட்டேன், எதையும் எழுதி வாங்கல.

கன்வெர்ட்டர் பத்தி இங்க கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா ஏமாத்துறது பெரும்பாலும் இங்கதான் நடக்குது. ஸ்டால்ங்கிறது, கார நகர விடாம முழுசா ஆக்சிலரேட்டர் குடுத்தா இன்ஜின் எத்தன ஆர்பிஎம் வரைக்கும் ஏறுதுங்கிறது, கன்வெர்ட்டர் மேல அச்சடிச்சு வர்ற நம்பர் இல்ல. ஒரே கன்வெர்ட்டர் டார்க் கம்மியான இன்ஜின் பின்னாடி 3800 காட்டும், டார்க் அதிகமான இன்ஜின் பின்னாடி 4600 காட்டும். கார் எடை, பின் கியர், டயர் உயரம், கேம் (இன்ஜின் வால்வ திறக்குற தண்டு), டார்க் எந்த ஆர்பிஎம்ல வருது, டிரான்ஸ்பிரேக் இருக்கா இல்ல கால் பிரேக்ல நிறுத்தி கிளம்புறீங்களா, இதெல்லாம் கேட்டுட்டுத்தான் நல்ல பில்டர் உள்ள இருக்க ஸ்டேட்டரையும் (திரும்பி வர்ற ஆயில திசை மாத்துற நடு சக்கரம்) ஃபின் (ஆயில தள்ளுற தகடு) ஆங்கிளையும் தேர்ந்தெடுப்பாரு. என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி "ஸ்டால் எவ்ளோ வேணும், 5000ஆ 5500ஆ?" அவ்ளோதான். டார்க் உச்சம் 4400ல இருக்க இன்ஜினுக்கு அத ஒட்டியோ கொஞ்சம் மேலயோ ஃப்ளாஷ் ஆனாலே (கிளம்புற நொடில ஆர்பிஎம் அங்க தாவுனாலே) போதும், 5500 எதுக்கு? நம்பர் பெருசா இருந்தா வேகமா போகும்னு நம்புறவங்க நிறைய பேர், நானும் அப்ப அப்படித்தான் நம்புனேன், அவருக்கு அது நல்லாவே தெரியும்.

கார் வந்துச்சு. டிரான்ஸ்பிரேக் வேலை செஞ்சுது. அது மொத கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்துல பிடிச்சு அவுட்புட்ட பூட்டி வைக்கும், பட்டன விட்டதும் ரிவர்ஸ் விலகி கார் கிளம்பும், அந்த உணர்வே தனி. 60 அடி 1.68க்கு வந்துருச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல. ஆனா கோட்டத் தாண்டும்போது வேகம் 115தான். முன்னாடி 118 போன கார்! கேட்டா "கியர் பத்தல தம்பி, 4.88 போடுங்க"ன்னாரு. அதுக்கும் தனியா பணம்.

நல்லவேளையா டிராக்ல பல வருஷம் ஓட்டுன ஒரு அண்ணன் என் டேட்டாவ வாங்கிப் பாத்தாரு. கணக்கு ரொம்ப சின்னது: வேகத்த மைல்ல எடுத்து, பின் கியரால பெருக்கி, 336ஆல பெருக்கி, டயர் உயரத்த இன்ச்ல வச்சு வகுக்கணும். கடைசி கியர் 1க்கு 1ங்கிறதால வேற எதுவும் வேணாம். 115, 4.10, 336, 28, இத போட்டா 5658 வரும். அதாவது கன்வெர்ட்டர் கொஞ்சம்கூட வழுக்காம இருந்தா கோட்டுல இன்ஜின் 5658ல சுத்தணும். லாக்கப் (வழுக்காம நேரா பூட்டிக்கிற வசதி) இல்லாத ரேஸ் கன்வெர்ட்டர் எப்பவும் கொஞ்சம் வழுக்கும், 5 சதவீதம்னு வச்சா 5950 கிட்ட. என் டேட்டால இருந்தது 6700. 5658 அதுல 84 சதவீதம்தான், அதாவது கிட்டத்தட்ட 16 சதவீதம் வழுக்கல்! அந்த பவர் எல்லாம் டயருக்குப் போகாம ஆயில சூடாக்கிட்டு இருந்திருக்கு. டிப்ஸ்டிக்க இழுத்துப் பாத்தா ஆயில் கருகுன பழுப்பா இருக்கு, மூக்குகிட்ட வச்சாலே தீஞ்ச வாடை. இதுல அவர் சொன்ன 4.88ஐயும் போட்டிருந்தா இதே 115க்கு, இதே வழுக்கலோட, இன்ஜின் 8000 கிட்ட சுத்தணும், என் இன்ஜின் எல்லையே 6800.

அவர்கிட்ட போன் பண்ணி இந்தக் கணக்க சொன்னேன். "கால்குலேட்டர் வச்சு ரேஸ் ஓட்ட முடியாது தம்பி"ன்னு வச்சுட்டாரு.

அடுத்த ரேஸ் நாள்ல அஞ்சாவது ரன், ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாத்துன நொடி இன்ஜின் அலறுச்சு, கார் போகல. ரெவ் லிமிட்டர் இல்லன்னா அங்கயே இன்ஜினும் முடிஞ்சிருக்கும். வேற ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்து, இந்தத் தடவ நான் பக்கத்துலயே நின்னு, ஒவ்வொண்ணா பிரிக்கச் சொன்னேன். ஸ்ப்ராக்ங்கிறது ஒரு பக்கம் சுத்த விட்டு மறுபக்கம் பூட்டிக்கிற கிளட்ச், டர்போ 400ல ரெண்டாவது கியர்ல டைரக்ட் டிரம் பின்னாடி சுத்தாம பிடிக்கிறது அதுதான், அது போனா ரெண்டாவது கியரே கிடையாது. வெளிய எடுத்து எண்ணிப் பாத்தோம். 16. திரும்ப எண்ணுனோம், அதே 16தான். பழைய ஸ்ப்ராக், பழைய டிரம், கழுவி மாட்டியிருக்காரு. இன்புட் ஷாஃப்ட் கம்பெனில வந்த அதே பழசு, ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனைல இருக்க பல்லு) லேசா முறுக்கியே போயிருச்சு.

ஃப்ளெக்ஸ்பிளேட்ல எஸ்எஃப்ஐ ஸ்டிக்கரே இல்ல, ஷீல்டுலயும் இல்ல. ஒட்டுன தடம்கூட கிடையாது. இத நெனச்சாத்தான் எனக்கு இப்பவும் உடம்பு நடுங்குது. கியர்பாக்ஸ் டிரைவர் காலுக்குப் பக்கத்துலதான் இருக்கு, உள்ள ஒரு பார்ட் உடைஞ்சு டிரம் அளவுக்கு மீறி சுத்தி வெடிச்சா துண்டு ஃப்ளோர கிழிச்சிட்டு வரும், அத தடுக்கத்தான் அந்த ஷீல்டு. பணத்த ஏமாத்துறது ஒரு விஷயம். ஒருத்தன் உயிரக் காப்பாத்துற பார்ட்ல போய் போலிய மாட்டுறது வேற விஷயம், இத என்னால மன்னிக்க முடியாது.

கன்வெர்ட்டர லேத்ல வெல்டு பக்கமா வெட்டித் திறந்தோம். மேல புது பெயிண்ட், உள்ள பழைய கன்வெர்ட்டர். ஃபின் எல்லாம் ஓரத்துல நீட்டிட்டு இருக்க நாக்க மடிச்சு விட்டதோட சரி, ஃபர்னஸ் பிரேஸிங் (உலைல சூடாக்கி உலோகத்த உருக்கி ஒட்டுறது) கிடையாது, ரெண்டு மூணு ஃபின் படுத்தே கிடந்துச்சு. பத்தாததுக்கு மாட்டும்போது கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளிய அளக்கவே இல்ல. பாக்ஸ இன்ஜினோட சேத்து முறுக்குன பிறகு, கன்வெர்ட்டர கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் பக்கமா முழுசா தள்ளிப் பாத்தா 3ல இருந்து 5 மில்லிமீட்டர் வரைக்கும் முன்னாடி இழுக்க இடம் இருக்கணும். என் கார்ல ஒண்ணுமே இல்ல. சூடாகி கன்வெர்ட்டர் உப்பும்போது ஒரு பக்கம் பம்ப் கியரையும் இன்னொரு பக்கம் கிராங்க்கையும் தள்ளும். பம்ப் கியர்ல விரிசல், கிராங்க் முன்னப் பின்ன நகராம தாங்குற த்ரஸ்ட் பேரிங்ல தாமிரம் தெரியிற அளவுக்கு தேய்மானம். இன்ஜினையும் இறக்க வேண்டியதாப் போச்சு.

போட்டோ எல்லாம் எடுத்துட்டு நேர்லயே போனேன். மொதல்ல "நீங்க ஓட்டத் தெரியாம ஓட்டிட்டீங்க"ன்னாரு, அப்புறம் "பார்ட் குடுத்தவன் ஏமாத்திட்டான்"னாரு, கடைசியா "எங்க எழுதியிருக்கு 34னு?"ன்னு கேட்டாரு. எழுதல. அதுதான் அவருக்கு பலம்.

அதனால உங்க கார குடுக்குறீங்கன்னா மொத வேலையா ஒவ்வொரு பார்ட்டும் பேர், ஸ்ப்லைன் எண்ணிக்கை, எலிமென்ட் எண்ணிக்கை, எஸ்எஃப்ஐ நம்பரோட எழுதி கையெழுத்து வாங்குங்க. பாக்ஸ மூடுறதுக்கு முன்னாடி நேர்ல போய் பாருங்க, முடியலன்னா ஸ்ப்ராக்கும் டிரம்மும் ஷாஃப்டும் தெரியிற மாதிரி போட்டோ கேளுங்க. கழட்டுன பழைய பார்ட்ட திருப்பித் தரச் சொல்லுங்க, தரலன்னா அது உங்க பாக்ஸ் உள்ளயே திரும்பப் போயிருக்கலாம். கன்வெர்ட்டர் சீரியல் நம்பர வச்சு செஞ்சவங்ககிட்டயே விசாரிங்க. மொத ரன் முடிஞ்ச உடனே அந்த 336 கணக்க போட்டுப் பாருங்க, வழுக்கல் 10 சதவீதம் தாண்டுச்சுன்னா அடுத்த ரன் போகாதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும், டிரான்ஸ்பிரேக்கும் ஸ்லிக்கும் சேந்தா அடி முழுக்க பின்னாடி போகுது. 28 ஸ்ப்லைன் ஆக்சில், சின்ன யு-ஜாயின்ட் (டிரைவ்ஷாஃப்ட் மடங்கிச் சுத்த விடுற இணைப்பு) எல்லாம் அத ரொம்ப நாள் தாங்காது. நான் 35 ஸ்ப்லைனுக்கும் 1350 சைஸ் யு-ஜாயின்ட்டுக்கும் மாறிட்டேன், டிரைவ்ஷாஃப்ட் லூப்பும் போட்டாச்சு. முன் யு-ஜாயின்ட்ல இருந்து 6 இன்ச்சுக்குள்ள அந்த லூப் இருக்கணும், ஜாயின்ட் உடைஞ்சா ஷாஃப்ட் தரையில குத்தி கார தூக்கி எறியாம பிடிக்கிறது அதுதான். அந்த ஆள் இதுல ஒண்ணக்கூட சொல்லல. லாபம் இல்லாத பேச்சு அவருக்கு வரவே வராது.

இப்ப ஓடுறது கேள்வி மேல கேள்வி கேட்டு, ரெண்டு பக்க ஃபார்ம நிரப்ப வச்சு ஒருத்தர் செஞ்ச கன்வெர்ட்டர். ஃப்ளாஷ் 4500, 60 அடி 1.58, கோட்டுல 119, வழுக்கல் 6 சதவீதம். கியர் அதே 4.10தான். உங்க கார்ல சந்தேகம் இருந்தா டயர் உயரம், பின் கியர், கோட்டுல வேகம், கோட்டுல ஆர்பிஎம், இந்த நாலையும் எனக்கு எழுதி அனுப்புங்க, கணக்கு போட்டு சொல்றேன்.