பட்டாம்பூச்சிக்காக ஒரு பயணம்: ககமேகாவா, அமானியா?

கிழக்கு ஆப்பிரிக்க மலைக்காட்டில் பட்டாம்பூச்சி பார்க்க ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் எந்தக் காடு? பலர் தடுமாறும் இடம் இது.

போய்ச் சேர்வது
ககமேகா: மேற்குக் கென்யா. விமான நிலையமுள்ள கிசுமுவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.
அமானி: வடகிழக்குத் தான்சானியாவின் கிழக்கு உசம்பரா மலை. முகேசா ஊரிலிருந்து வளைந்தேறும் மண்சாலை, மழையில் சேறு.

என்ன பார்க்கலாம்
ககமேகா: காங்கோ மழைக்காட்டின் கிழக்கு மிச்சம் இது. அதனால் மேற்கு ஆப்பிரிக்க இனங்கள் பல இங்கே தென்படுகின்றன. அழுகிய பழத்தையும் ஈர மண்ணையும் தேடி சாரக்செஸ் என்னும் பட்டாம்பூச்சி வகைகள் தரைக்கு இறங்கும்போது, அவற்றின் சிறகடியைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம்.
அமானி: எண்ணிக்கையைவிட அபூர்வம் பெரிது. சைமோதோ அமானியென்சிஸ் என்னும் பட்டாம்பூச்சி வடகிழக்குத் தான்சானியக் காடுகளுக்கே உரியது.

இரண்டு காடுகளிலும் பறப்பது பாப்பிலியோ டார்டனஸ் என்னும் பட்டாம்பூச்சி. ஆணுக்கு மஞ்சள் சிறகும் வாலும். பெண்களில் பலவற்றுக்கோ வாலே இல்லை. பறவைகள் ஒதுக்கும் கசப்பு இனங்களின் வேடத்தில் திரிகின்றன. ஒரே இனம் என்று நம்பவே மனம் வராது.

மழை
ககமேகா: ஏப்ரல், மே மாதங்களில் கனமழை.
அமானி: மார்ச் முதல் மே வரை தவிர்க்கவும்.

முதல் பயணம், குழந்தைகள் உடன் என்றால் ககமேகா. வேறெங்கும் காணக் கிடைக்காததற்காகக் காத்திருக்கும் பொறுமை இருந்தால் அமானி; நான் அமானியையே தேர்வேன்.