பதினோராம் வகுப்பு மகளும் பன்னிரண்டு வார ஆலோசனையும்

திருச்சியில் பதின்பருவத்தினருக்கென்றே நடத்தப்படும் ஒரு சிறிய மனநல ஆலோசனை மையத்துக்கு, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பன்னிரண்டு வாரங்கள் தொடர்ந்து அழைத்துச் சென்றேன். அவளுடைய அடையாளம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. பிள்ளைக்கு இப்படி ஓர் இடத்தைத் தேடும் பெற்றோருக்கு, அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

பத்தாம் வகுப்பு வரை அவள் படித்த பள்ளியில் மேல்நிலை வகுப்புகள் இல்லை. எட்டு ஆண்டுகள் ஒன்றாக இருந்த தோழிகள் மூன்று பள்ளிகளுக்குப் பிரிந்தார்கள். ஜூலை முதல் மதியச் சாப்பாட்டு டப்பா தொட்டும் தொடாமலும் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாலைவரை அவள் படுக்கையை விட்டு எழவில்லை. ஆறு வயதிலிருந்து வாசித்த வீணை உறைக்குள்ளேயே கிடந்தது. பழைய தோழிகள் இவளை விட்டுவிட்டுத் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்ததை, ஒருத்தியின் பிறந்தநாள் புகைப்படத்தைப் பார்த்து அவள் தெரிந்துகொண்டாள் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள் என்றார்கள் உறவினர்கள். புது வகுப்பில் யாரோடாவது பழகு என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மனச்சோர்வு வந்த பிள்ளைக்குப் பிறரிடம் போய்ப் பேசும் தெம்புதான் முதலில் வற்றுகிறது என்பதும், அவள் ஒதுங்க ஒதுங்க மற்றவர்களும் விலகிப்போக, அந்த விலகல் சோர்வை மேலும் கூட்டுகிறது என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் நாள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது ஒன்பதாவது கேள்வி. பதினாறு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா என்று நான் பதறினேன். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே இருந்தால் சொல்வதற்கு ஒரு வழி கிடைக்கும் என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். மனநல மருத்துவரும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

இங்கே அவர்கள் பின்பற்றுவது இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி என்னும் உறவுசார் சிகிச்சை. 1970-களில் அமெரிக்காவில் ஜெரால்ட் க்ளெர்மனும் மிர்னா வைஸ்மனும் பெரியவர்களுக்காக உருவாக்கிய இந்த முறையைப் பின்னர் லாரா மஃப்சன் பதின்பருவத்தினருக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். இதில் முதலில் செய்வது ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்து, நடுவில் தன்னை வைத்து, வாழ்க்கையில் இருப்பவர்களை அவரவர் நெருக்கத்துக்கு ஏற்ப எழுதுவது. நான்காம் வாரம் மகளின் சம்மதத்தோடு என்னை உள்ளே அழைத்து அந்தத் தாளைக் காட்டினார்கள். உள்வட்டத்தில் ஒரே ஒரு தோழியின் பெயர். பழைய தோழிகள் நால்வரும் தாளின் ஓரத்தில், வட்டத்துக்கே வெளியே. நான் இரண்டாம் வட்டத்தில் இருந்தேன்.

அந்த ஒரு தோழியைப் பற்றி ஆலோசகர் சொன்னதற்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன். இரவு ஒரு மணிவரை இருவரும் பேசுவார்கள். இவளுக்கென்று ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நான் ஆறுதல் அடைந்திருந்தேன். ஆனால் அவர்கள் பேசியதெல்லாம் யார் என்ன சொன்னாள், ஏன் சொன்னாள், நாம் என்ன தப்பு செய்தோம் என்று அரைத்த மாவையே அரைப்பதுதான். இப்படிச் சேர்ந்து துயரத்தைக் கிளறுவதைப் பற்றி மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா ரோஸ் 2002-லும் 2007-லும் ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார். இது தோழமையை இறுக்கமாக்குகிறது. பெண்பிள்ளைகளுக்கு அதோடு மனச்சோர்வையும் கூட்டுகிறது என்று அவர் கண்டறிந்தார். அன்பான நட்பின் வழியாகவே சோர்வு வளரக்கூடும் என்பது எனக்குப் புதிய செய்தி. வேறொரு இடமாக இருந்தால் அந்தப் பெண்ணோடு பேசாதே என்று சொல்லியிருப்பார்கள். இங்கே, பேச்சில் பாதி நேரமாவது வேறு எதையாவது பேசவும், பத்து மணிக்கு முடித்துக்கொள்ளவும் இருவருமே ஒப்புக்கொள்ளும்படி எப்படிக் கேட்பது என்று மகளுக்குப் பழக்கினார்கள்.

பள்ளியில் நடந்த பேச்சுகளையும் சொல்லுக்குச் சொல் எழுதிவரச் சொன்னார்கள். "கேன்டீனுக்கு வர்றியா?" என்று ஒரு பெண் கேட்க, இவள் "இல்ல, பசிக்கல" என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். கூட்டத்தைப் பார்த்தால் பயம் என்பதுதான் உண்மை; அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததோ உன்னோடு வர விருப்பமில்லை என்பது. "பசிக்கல, ஆனா கூட வர்றேன்" என்பதை எங்கள் வீட்டுச் சமையலறையில் என்னை எதிரே நிறுத்தி ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தாள். மறுவாரம் போனாள்.

குறைகளும் உண்டு. வரவேற்பில் இருந்தவர் எல்லார் முன்னிலையிலும் "என்ன பிரச்சினைக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டபோது மகள் திரும்பிப் போய்விடலாம் என்றாள். சந்திப்பை நினைவூட்டும் குறுஞ்செய்தியில் மனநல ஆலோசனை என்று வெளிப்படையாக எழுதி அனுப்புகிறார்கள்; டியூஷனில் பக்கத்தில் இருந்த மாணவி அதைப் படித்துவிட்டாள். நான் புகார் சொன்ன பிறகு வாசகத்தை மாற்றினார்கள். சனிக்கிழமைக் குழு அமர்வுக்கு வந்த ஒரே பையன் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டான். பையன்கள் தங்களுக்குள் எதைச் சொல்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்பதற்கு இங்கே இன்னும் இடம் இல்லை. ஓர் அமர்வுக்கு 900 ரூபாய் என்பதும் எல்லாராலும் முடிகிற தொகை இல்லை.

சோர்வு கூடக் கூட ஏறும் அந்த ஒன்பது கேள்விகளுக்கான மதிப்பெண் 14-இலிருந்து 6-க்கு இறங்கியிருக்கிறது. பழைய தோழிகளில் ஒருத்தியோடு பேச்சு மீண்டது. மற்றவர்களோடு மீளவில்லை, அதற்காக அவள் அழுதும் தீர்த்துவிட்டாள். முதல் சந்திப்புக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், மருத்துவர் புதன் மாலை மட்டுமே வருகிறார். சாக வேண்டும் என்ற பேச்சு பிள்ளையின் வாயில் வந்திருந்தால் அந்த மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் 14416 என்ற அரசு எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.