டர்பனில் எதற்குக் காசு கட்டலாம்: ஹிட் கிளாஸுக்கா, ஸ்ட்ரெங்த் கோச்சிங்குக்கா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்கா வரை, பெரிய ஜிம்களை விட்டுவிட்டுப் பார்த்தால், கூட்டாகப் பயிற்சி தரும் சின்ன இடங்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். இருபது முப்பது பேரைக் கூடத்தில் நிறுத்தி, பாட்டை அலறவிட்டு, முக்கால் மணி நேரம் மூச்சிரைக்க வைக்கும் ஹிட் (HIIT, விட்டுவிட்டுக் கடும் வேகத்தில் செய்யும் பயிற்சி) கிளாஸ் ஒன்று. நாலு முதல் ஆறு பேருக்கு ஒரு கோச், பாரும் (நீள இரும்புத் தண்டு) பிளேட்டும் வைத்துக் கனம் தூக்கச் சொல்லித்தரும் ஸ்ட்ரெங்த் கோச்சிங் மற்றொன்று. பின்னதற்குச் சந்தா அதிகம். எதைச் சேரலாம் என்று கேட்பவர் நாற்பதைத் தாண்டியவர், குடும்பத்தில் சுகர் உள்ளவர், படியேறினால் முழங்கால் முனகும் என்றால் பதில் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. முதல் காசு ஸ்ட்ரெங்துக்கு. வாரத்தில் ஒரு நாள் மிச்சமிருந்தால் ஹிட்.

ஹிட் கிளாஸ் நடக்கும் விதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டு நிமிடம் வார்ம்-அப். பிறகு ஒன்பது ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் நாற்பது வினாடி வேலை, இருபது வினாடி ஓய்வு, மூன்று சுற்று. ஆக 27 நிமிடம். மீதி நேரம் தண்ணீர், ஸ்ட்ரெச், கைதட்டல். சில இடங்களில் இதற்கு 'தபாட்டா' என்று பெயர் வைத்திருப்பார்கள். 1996-இல் ஜப்பானில் தபாட்டா குழு வெளியிட்ட ஆய்வில் இருந்தது 20 வினாடி உச்ச வேகம், 10 வினாடி ஓய்வு, ஏழெட்டு முறை. மொத்தம் நாலு நிமிடம், அதுவும் சைக்கிளில், விளையாட்டில் ஈடுபட்ட உடற்கல்வி மாணவர்களை வைத்து. அரைமணி நேரம் ஒருவரால் செய்ய முடிகிறது என்றாலே அது அந்த வேகம் இல்லை. கெட்ட பயிற்சி என்று சொல்ல வரவில்லை. பெயர்ப்பலகையை நம்பிக் கூடுதலாகக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

இதன் நன்மை நிஜமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்கிறது. வாரம் இரண்டு ஹிட் கிளாஸ் அந்தக் கணக்கில் பெரும்பகுதியை அடைத்துவிடும். காலை ஐந்து மணிக் கிளாஸை முடித்து வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடச் சுலபமான வழி குறைவு. கூட்டத்தோடு சேர்ந்தால் சோம்பல் விலகும் என்பதும் உண்மை. ஆனால் அதே வழிகாட்டலில் வாரம் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப் பயிற்சி வேண்டும் என்று தனி வரி ஒன்று உண்டு. அந்த வரியைத்தான் ஹிட் கிளாஸ் சரியாக நிறைவேற்றுவதில்லை. கையில் டம்பெல் இருக்கிறது, சரி. ஜனவரியில் எடுத்த அதே எட்டுக் கிலோவை ஆகஸ்டிலும் எடுத்தால் தசைக்குப் புதிதாக வளர என்ன காரணம்?

கோளாறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஒரு ஸ்டேஷன் போதும்: கெட்டில்பெல் ஸ்விங், அதாவது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை ஆட்டுவது. முதல் சுற்றில் இடுப்பு பின்னால் போகிறது, தொடையின் பின்தசை இழுபடுகிறது, இடுப்பை முன்னால் தள்ளியதும் குண்டு தானாக நெஞ்சுயரம் எழுகிறது. சரியான ஸ்விங் அதுதான். மூன்றாவது சுற்றில், முப்பதாவது வினாடிக்குப் பிறகு பின்தசை களைத்துவிடும். இடுப்பு மடங்குவது நின்று முழங்கால் மடங்கும். குண்டைத் தோள் தூக்கும். கீழே வரும்போது அது முழங்காலுக்கும் தாழப் போய் கீழ்முதுகை வளைக்கும். இதை நிறுத்த ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். கோச்சோ தலையில் மைக் மாட்டிக்கொண்டு இருபத்தைந்து பேருக்கு நடுவே "இன்னும் பத்து!" என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. ஒரு நிமிடத்தில் ஒருவருக்கு அவர் தரக்கூடியது இரண்டு மூன்று வினாடிதான்.

பாக்ஸ் ஜம்ப்பிலும் இதே கதை. ஐம்பது அறுபது சென்டிமீட்டர் பெட்டியில் ஏறுவதைவிட அதிலிருந்து பின்னோக்கிக் குதித்து இறங்குவதுதான் குதிகால் தசைநாணைப் பதம் பார்க்கும். குதித்து ஏறுங்கள், ஒவ்வொரு காலாக இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர் ஏறுவதையும் நடந்தே ஏறலாம். யாரும் கேலி செய்யமாட்டார்கள், செய்தால் இடத்தை மாற்றுங்கள்.

சுவரில் பெரிய திரை, அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே இதயத் துடிப்பு, சிவப்பு மண்டலத்தில் இருந்தால் பாராட்டு. பார்க்க உற்சாகமாக இருக்கும். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்சத் துடிப்பு எண் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இன்னொன்று முக்கியம்: பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவரின் துடிப்பு அந்தச் சிவப்பைத் தொடவே தொடாது. அதைத் தொட முயன்றால் ஆபத்து. அவர் திரையைப் பார்க்காமல், பேச முடிகிறதா என்று பார்க்கட்டும். அரை வாக்கியம் பேச முடிந்தால் போதுமான வேகம்.

ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டு முதல் கிளாஸிலேயே முழு மூச்சாக இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒன்றிரண்டு நாளில் தசை கல்லாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. டிசம்பர், ஜனவரியில் டர்பன் புழுக்கம் சேர்ந்தால் இந்த அபாயம் கூடும். வியர்வை காயாமல் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. முதல் இரண்டு வாரம் பாதி வேகம், மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டு.

ஸ்ட்ரெங்த் கோச்சிங் வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் பாதி உட்கார்ந்திருப்பதுதான். அந்த உட்காருதலுக்கும் சேர்த்துத்தான் கட்டணம். கனமான ஐந்து ரெப்புக்கு, அதாவது ஐந்து முறை தூக்கிய பிறகு, இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு இல்லாவிட்டால் அடுத்த செட் (அடுத்த ஐந்து) விழுந்துவிடும். நல்ல இடத்தில் பாடம் இப்படிப் போகும்: பத்து நிமிடம் வார்ம்-அப், ஒரு ஸ்குவாட் (குந்தி எழுவது) அல்லது டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) மூன்று செட் ஐந்து ரெப், ஒரு தள்ளல், ஓர் இழுப்பு, கடைசியில் இரு கையிலும் கனத்தைப் பிடித்து நடை. புதியவரிடம் முதல் நாளே இருபது கிலோ பாரைத் தோளில் வைக்கக் கூடாது. டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக் குந்தும் கோப்லெட் ஸ்குவாட்டில் ஆரம்பித்து, பத்து ரெப் சுத்தமாக வந்தபின்தான் பாருக்குப் போக வேண்டும். பெண்களுக்கு மெல்லிய பிடியுள்ள பதினைந்து கிலோ பார் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோச் நல்லவரா என்பதை அவருடைய நோட்டு சொல்லும். கேட்டு வாங்கிப் பாருங்கள். "டெட்லிஃப்ட் 60 × 5, 60 × 5, 62.5 × 5, கடைசி ரெப்பில் பார் காலைவிட்டு விலகியது, அடுத்த முறை 60" என்று (கிலோ × ரெப்) ஒரு வரி இருந்தால் அங்கே சேரலாம். வெறும் எண் மட்டும் இருந்தால் சுமார். எல்லாருக்கும் ஒரே தாளை நகலெடுத்து ஒட்டியிருந்தால், ஐந்து பேர் கொண்ட ஹிட் கிளாஸுக்கு நீங்கள் இரட்டைச் சந்தா கட்டுகிறீர்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சின்ன பிளேட். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடியாவது இருந்தால்தான் ஒரு முறைக்கு 2.5 கிலோ ஏற்ற முடியும். ஐந்து கிலோ பிளேட்தான் சின்னது என்றால் ஒவ்வொரு ஏற்றமும் பத்துக் கிலோ. இருபத்தைந்து கிலோ தூக்கும் அம்மா முப்பத்தைந்துக்குத் தாவ முடியாது, அங்கேயே மாதக்கணக்கில் நிற்பார். ஒரு ரேக்குக்கு (பாரைத் தாங்கும் சட்டம்) இரண்டு பேர் சரி, உயரம் ஒத்துப்போனால். ஆறடிக்காரரும் ஐந்தடிக்காரரும் ஒரே ரேக்கில் என்றால் ஒவ்வொரு செட்டுக்கும் கொக்கியை மாற்றியே நேரம் போய்விடும்; யாராவது சோம்பலில் மாற்றாமல் விட்டு, நுனிக்காலில் நின்று பாரை எடுப்பார். விபத்து அப்போதுதான்.

இவ்வகையில் பிழை பெரும்பாலும் மெதுவாக வரும். கோச் உற்சாகத்தில் ஒவ்வொரு வாரமும் கனத்தை ஏற்றுவார், ஆறாவது வாரம் முதுகு பிடிக்கும். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு ரெப் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துவதே ஆரம்ப மாதங்களுக்குப் போதும். அல்லது ஆறு பேர் எட்டாகி, எட்டு பத்தாகும். ஆறு பேருக்கு மேல் போனால் சந்தா குறையுமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பதிலைவிட, கேட்டதும் முகம் மாறுகிறதா என்பது உதவும்.

சுகர் உள்ளவர்களுக்குச் சில கணக்கு. இன்சுலின் போடுகிறவர், அல்லது சுகரை மிகவும் இறக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவர், கிளாஸுக்கு முன் மீட்டர் பார்க்க வேண்டும். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து, அதாவது நடுத்தர வாழைப்பழம் ஒன்று, சாப்பிட்டுவிட்டுத் தொடங்கவும். ஹிட் முடிந்த கையோடு பார்த்தால் எண் ஏறியிருக்கலாம். கடும் வேகத்தில் அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடும், பிறகு இறங்கும். சில மணி நேரம் கழித்து, சிலருக்கு இரவிலும், தாழ்சுகர் வரலாம் என்பதைத்தான் மறக்கக் கூடாது. கண்ணின் விழித்திரையில் சுகர் பாதிப்பு இருப்பவர் மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கும் முன் கண் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். இதையெல்லாம் சேரும் படிவத்தில் கேட்காத இடம், எந்த வகையானாலும், வேண்டாம்.

புரட்டாசியில் இறைச்சி இல்லை. வலுப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். எழுபது கிலோ ஆளுக்கு நாளைக்கு 84 முதல் 112 கிராம். வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் சுமார் 18 கிராம், சுகர் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸ் வகை) கறியில் கப்புக்குச் சுமார் 15. மீதிக்கு சோயா மின்ஸும் தயிரும் கைகொடுக்கும். பீன்ஸ் பனி சௌவில் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) புரதம் இருக்கிறது, மறுக்கவில்லை. கால் ரொட்டியும் இருக்கிறது. காவடி விரத நாட்களில் கனத்தைக் குறைக்காமல் செட்டைப் பாதியாக்கினால் வலு போகாது. ஹிட்டை அந்தப் பத்து நாள் விட்டுவிடலாம்.

காசுக் கணக்குக்கு ஓர் உதாரணம்: ஹிட் மாதம் 900 ராண்ட், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், ஸ்ட்ரெங்த் 1,800 ராண்ட், எட்டுப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். பாடத்துக்கு 225. 'எத்தனை முறை வேண்டுமானாலும்' என்று சேர்ந்து மாதம் நாலு முறை மட்டும் போனால் அதுவும் 225-தான். டிஸ்கவரி வைட்டாலிட்டி (காப்பீட்டு நிறுவனத்தின் உடல்நலச் சலுகைத் திட்டம்) தள்ளுபடியை நம்பிச் சேர்கிறவர்கள் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

ஒப்பந்தத்தில் "பன்னிரண்டு மாதம், நடுவில் விலக முடியாது" என்று அச்சடித்திருந்தால் பதற வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 14-ஆம் பிரிவுப்படி, 20 வேலைநாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதுவரை கட்ட வேண்டிய பாக்கியையும் நியாயமான விலகல் கட்டணத்தையும் மட்டும் அவர்கள் கேட்கலாம். முன்னறிவிப்பை வாட்ஸ்அப்பில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்த அடுத்த மாதம் டெபிட் ஆர்டர் நின்றதா என்று வங்கிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள்.